எருசலேம் ஆலயமும் தேவனோடுள்ள ஐக்கியமும்: புதிதாக வாசிப்பவர்களுக்கு

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆதியாகமம் கதை கதையாக ஓடுகிறது. யாத்திராகமத்திலும் பார்வோன், பத்து வாதைகள், பிளந்த கடல், சீனாய் மலை என்று வேகம் குறையாமல் போகிறது. 25ஆம் அதிகாரத்தைத் திருப்பியதும் முழக்கணக்கு தொடங்கிவிடுகிறது. சீத்திம் மரப்பலகை எத்தனை முழம், வளையங்கள் எத்தனை, திரைக்கு என்ன நிற நூல், கொக்கிகள் பொன்னா வெண்கலமா. இடையில் பொன் கன்றுக்குட்டிச் சம்பவம் வரும் பகுதியை விட்டால் புத்தகம் முடியும்வரை இதேதான். உலகம் படைக்கப்பட்டதைச் சொல்ல இரண்டு அதிகாரம் போதும் என்று நினைத்த வேதம், ஒரு கூடாரத்தைச் சொல்ல 13 அதிகாரம் எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள் என்று புதியவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். ஜெபக்கூட்டத்திலும் பிரசங்கத்திலும் நாம் ஓயாமல் கேட்கும் 'தேவனோடு ஐக்கியம்' என்பதற்கு முதன்முதலில் உருவமும் இடமும் கிடைத்தது இங்கேதான். ஐக்கியம் என்றால் தனியாக முழங்காலில் நிற்கும்போது நெஞ்சில் உண்டாகும் ஓர் உணர்வு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த உணர்வை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆலயம் காட்டும் ஐக்கியத்தில் ஒரு வீடு இருக்கிறது, ஒரு வழி இருக்கிறது, சமைத்த சாப்பாடு இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஏழையும் இருக்கிறான்.

எந்த ஆலயம்?

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறிப் பாலைவனத்தில் இருந்த காலத்தில் அவர்களிடம் இருந்தது ஆசரிப்புக் கூடாரம். பிரித்துச் சுமந்துபோய் அடுத்த இடத்தில் மறுபடி நிறுத்தலாம். கானானில் குடியேறிப் பல தலைமுறைகள் கழிந்தபின், கி.மு. 10ஆம் நூற்றாண்டில், சாலொமோன் எருசலேமில் கல்லால் ஆலயம் கட்டினார். தீரு நாட்டு அரசன் ஈராம் லீபனோனிலிருந்து கேதுரு மரங்களை அனுப்பினார். வேலை முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் அதை எரித்தார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் செருபாபேலின் தலைமையில் கி.மு. 516 வாக்கில் இரண்டாம் ஆலயத்தை முடித்தார்கள். அந்த ஆலயத்தைத்தான் பெரிய ஏரோது கி.மு. 20 வாக்கில் விரித்துக் கட்டத் தொடங்கினான். இயேசு நடந்து திரிந்தது இந்த ஆலயத்தில். கி.பி. 70இல் தீத்துவின் ரோமப் படை அதை அழித்தது. ரோம் நகரில் தீத்துவின் வெற்றி வளைவில், ஆலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கைத் தோளில் சுமந்து ஊர்வலம் போகும் சிற்பம் இன்றும் நிற்கிறது.

கட்டடங்கள் மாறினாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. வெளியே திறந்த பிராகாரம். அங்கே பலிபீடமும், ஆசாரியர்கள் கைகால் கழுவத் தண்ணீர்த் தொட்டியும். உள்ளே பரிசுத்த ஸ்தலம். அங்கே குத்துவிளக்கு, தேவனுக்கு முன் வைக்கும் அப்பங்களாகிய சமுகத்தப்பங்களுக்கு ஒரு மேசை, தூபபீடம். அதற்கும் உள்ளே, திரைக்குப் பின்னால், மகா பரிசுத்த ஸ்தலம். மோசேயின் கூடாரத்திலும் சாலொமோனின் ஆலயத்திலும் அந்த அறையில் உடன்படிக்கைப் பெட்டி இருந்தது. பெட்டியின் மூடிதான் கிருபாசனம். அதன் இருபுறமும் சிறகு விரித்த கேருபீன்கள் என்னும் வானுலகக் காவலர்களின் உருவங்கள்.

அளவைக் கேட்டால் புதியவர்கள் வியப்படைவார்கள். ஒரு முழத்தை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று கொண்டால், சாலொமோன் கட்டிய ஆலயம் நீளம் 27 மீட்டர், அகலம் 9 மீட்டர், உயரம் 13.5 மீட்டர். நம் ஊர்களில் நூறாண்டு கடந்த தேவாலயங்கள் பல இதைவிடப் பெரியவை. காரணம் எளிது. நம் தேவாலயம் மக்கள் உள்ளே வந்து உட்காருவதற்குக் கட்டப்படுகிறது. எருசலேமில் மக்கள் கூடியது வெளியே, பிராகாரத்தில். உள்ளே இருந்தது தேவனுடைய அறை.

அக்கம்பக்கத்து நாடுகளிலும் இதே போன்ற மூன்று பகுதிக் கோயில்கள் இருந்தன. சிரியாவின் வடக்கே அயின் தாரா என்ற இடத்தில் அப்படி ஒரு கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வாசற்படிக் கற்களில், தெய்வம் உள்ளே நடந்து போனதுபோல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பாதச்சுவடுகள் செதுக்கியிருந்தார்கள். (2018 ஜனவரியில் நடந்த வான்தாக்குதலில் அந்தக் கோயில் பெரிதும் சிதைந்தது பெரிய இழப்பு.) அந்த நாடுகளின் கோயில்களில் உள்ளறை தெய்வச் சிலைக்கு உரிய இடம். எருசலேமின் உள்ளறையில் சிலை இல்லை. பெட்டிக்குள் கற்பலகைகள், அதாவது ஓர் உடன்படிக்கையின் வார்த்தைகள். பெட்டிக்கு மேலே கேருபீன்களுக்கு நடுவே வெறுமையான இடம். அங்கிருந்துதான் உன்னோடு பேசுவேன் என்று தேவன் மோசேயிடம் சொன்னார். ஐக்கியம் பேச்சில் தொடங்குகிறது என்பதை அந்த அறையின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

தொலைந்த தோட்டம்

ஆலயத்தின் சுவர்களில் சாலொமோன் செதுக்கச் சொன்னவை கேருபீன்கள், பேரீச்ச மரங்கள், விரிந்த பூக்கள். போர்க் காட்சிகளோ அரசனின் வெற்றிகளோ கிடையாது. ஒரு தோட்டம்தான். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஏதேனில் தேவன் உலாவினார். ஆதாமும் ஏவாளும் வெளியேற்றப்பட்ட பின், தோட்டத்தின் கிழக்கே கேருபீன்கள் காவலுக்கு நிறுத்தப்பட்டன. ஆசரிப்புக் கூடாரத்தின் வாசல் கிழக்கு நோக்கியே இருந்தது. உள்ளே போகிறவன் கிழக்கிலிருந்து மேற்கே நடப்பான். முன்னால் தொங்கும் திரையில் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களால் நெய்த கேருபீன்கள் அவனைப் பார்த்து நிற்கும். மனிதன் வெளியே வந்த அதே வழியில் அவனைத் திரும்ப அழைத்துப் போகிறது இந்தக் கட்டடம். யார் யாரைத் தேடுகிறார் என்பதும் இங்கே விளங்கும். "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக" என்று கேட்டது தேவன். இஸ்ரவேலர் கேட்கவில்லை.

அப்படியானால் திரை எதற்கு, சுவர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் வழிப்போக்கனும் உட்காரலாம். கூடத்துக்கு உறவினரும் நண்பரும் வருவார்கள். உள்ளறைக்கு வீட்டார் மட்டும். ஒருவர் குடியிருக்கும் வீடு என்பதால்தான் இந்த எல்லைகள். ஆளில்லாத வீட்டில் யாரும் எங்கும் நுழையலாம். ஆலயத்தின் படிகளும் திரைகளும் இங்கே பரிசுத்தமான ஒருவர் மெய்யாகவே குடியிருக்கிறார் என்று சொல்லின. கூடவே, அவரை நெருங்க முறை உண்டு, வழி உண்டு என்றும் சொல்லின. யாத்திராகமத்தின் கடைசிப் பக்கத்தில் தேவமகிமை கூடாரத்தை நிரப்பியபோது மோசேயாலும் உள்ளே போக முடியவில்லை. எண்ணாகமத்தின் முதல் வசனத்திலோ தேவன் கூடாரத்துக்குள் மோசேயோடு பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது லேவியராகமம். வெளியே நின்றவன் எப்படி உள்ளே வந்தான் என்பதைச் சொல்லும் புத்தகம் அது. அதைச் சட்டப் பட்டியலாக மட்டும் வாசிப்பது பெரிய நஷ்டம்.

ஆண்டுக்கு ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் திரைக்கு உள்ளே போவான். பாவநிவாரண நாள் அது. வழக்கமான பொன்வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு எளிய சணல்நூல் உடை உடுத்துவான். முதலில் தன் பாவத்துக்காகக் காளை. பிறகு மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்றின் இரத்தம் கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றதன் தலையில் கைகளை வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி அனுப்புவார்கள், மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று இழுத்துக்கொள்வார்கள் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வேதாகமத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பண்டைய யூத எழுத்துகளிலும் இல்லை. இடைக்கால நூல்களில்தான் தலைகாட்டுகிறது. மணிகள் தைத்த அங்கியை அந்த நாளில் திரைக்குள் அவன் அணிவதும் இல்லை. கதை சுவாரசியமானதுதான். ஆனால் அது விட்டுச்செல்லும் படம் தவறானது. மக்களை அழிக்கக் காத்திருக்கும் ஒருவரைச் சமாளிக்கும் நாளாகப் பாவநிவாரண நாளை அது காட்டிவிடுகிறது. மக்கள் நடுவிலேயே தொடர்ந்து குடியிருக்க வேண்டும் என்பதற்காகத் தேவன் தாமே ஏற்படுத்திய நாள் அது.

பலிக்குப் பிறகு பந்தி

புதியவர்கள் அதிகம் தவறவிடும் பகுதி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பலி என்றதும் பாவம், இரத்தம், மன்னிப்பு என்றே எண்ணம் ஓடுகிறது. லேவியராகமத்தில் முக்கியப் பலிகள் ஐந்து. அவற்றில் பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி இரண்டும் இந்த எண்ணத்துக்குப் பொருந்தும். சர்வாங்க தகனபலி முழுவதும் எரிந்துபோகும். முழுவதும் உமக்கே என்ற ஒப்படைப்பு அது. போஜனபலி தானியக் காணிக்கை. ஐந்தாவது சமாதான பலி. இதில் கொழுப்பு பலிபீடத்தில் எரியும். நெஞ்சுப்பகுதியும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மற்ற இறைச்சி? கொண்டுவந்தவன் வீட்டுக்கு. அவன் தன் குடும்பத்தோடு, தேவசமுகத்தில், உட்கார்ந்து சாப்பிடுவான். தேவனுக்குப் பசி என்பதால் பலி செலுத்தப்படவில்லை. எனக்குப் பசித்தால் உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று 50ஆம் சங்கீதம் வெளிப்படையாகவே சொல்கிறது. இங்கே சாப்பிடுகிறவன் மனிதன். விருந்தளிப்பவர் தேவன்.

ஆரோன் முதன்முதலாகப் பலி செலுத்திய நாளில் பலிகள் வந்த வரிசையையும் பாருங்கள். லேவியராகமம் 9இல் முதலில் பாவநிவாரண பலி, அடுத்து தகனபலி, கடைசியில் சமாதான பலி. பாவம் நீங்கியது, தன்னை ஒப்புக்கொடுத்தது, பிறகு பந்தி. மகிமை எல்லாருக்கும் தோன்றியது அதன்பின்தான். மன்னிப்போடு நின்றுவிட்டால் நாம் பாதி வழியிலேயே நின்றுவிட்டோம் என்று பொருள். மன்னிக்கப்பட்டவனை உட்காரவைத்துச் சாப்பாடு போடும்வரை இந்த வழி போகிறது.

நன்றி சொல்லச் செலுத்தும் ஸ்தோத்திர பலிக்கு ஒரு கட்டளை உண்டு. இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு சிறு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. யாரையாவது கூப்பிட்டே ஆகவேண்டும். யாரை என்பதை உபாகமம் பண்டிகைகளைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவைக்கவில்லை: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன் (ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தான்), பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை. தேவனுக்கு நன்றி சொல்ல ஆடு கொண்டுவந்தவன் வீட்டில் அன்றைக்கு விதவைக்கும் இலை விழுந்தது. பலி செலுத்த வசதியில்லாதவர்களையும் சட்டம் மறக்கவில்லை. பாவநிவாரணத்துக்கு ஆடு முடியாவிட்டால் இரண்டு புறா, அதற்கும் வழியில்லாவிட்டால் கொஞ்சம் மெல்லிய மாவு போதும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் மரியாள் கொண்டுபோனது இப்படி ஏழைகளுக்கென்று அனுமதிக்கப்பட்ட பறவைக் காணிக்கைதான்.

இந்தப் பந்தி எப்படி இருந்தது என்று பார்க்க 1 சாமுவேல் முதல் அதிகாரத்துக்குப் போகலாம். எருசலேம் ஆலயத்துக்கு முந்தின காலம். கூடாரம் சீலோவில் இருக்கிறது. எல்க்கானா ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய்ப் பலியிட்டு, இறைச்சியைப் பங்குபோட்டுக் கொடுக்கிறான். பெனின்னாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பங்கு. பிள்ளையில்லாத அன்னாளுக்குத் தனிப்பங்கு. பெனின்னாள் குத்திக்காட்ட, அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாமல் எழுந்துபோகிறாள். தேவசமுகத்துப் பந்தியிலேயே ஒரு பெண் பட்டினியாக அழுகிறாள் என்பதை வேதம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. ஆலய வாசலில் அவள் தன் மனதை ஊற்றி ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடிவெறி என்று தப்பாக எண்ணுகிறான். அவள் விளக்கம் சொல்கிறாள், அவன் சமாதானத்தோடே போ என்கிறான். அவள் திரும்பிவந்து சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் துக்கமாக இல்லை. குழந்தை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள். தேவனோடுள்ள ஐக்கியத்துக்கு வேதத்தில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இதுதான்.

கட்டடத்தை நம்பியவர்கள்

ஆலயம் இருக்கிறது, அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் எருசலேமில் வேரூன்றியது. தீர்க்கதரிசி எரேமியா ஆலய வாசலிலேயே நின்று அந்த எண்ணத்தை உடைத்தார். கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று சொல்லிக்கொண்டு, பரதேசியையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். சீலோவுக்குப் போய் அந்த இடம் என்ன ஆனது என்று பாருங்கள் என்றார். அன்னாள் அழுது ஜெபித்த அதே சீலோ. பந்தியில் இடம் பெற வேண்டியவர்களை வெளியே தள்ளிய பின் கட்டடம் யாருக்கு?

பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன எசேக்கியேல் ஒரு தரிசனம் கண்டார். தேவமகிமை மகா பரிசுத்த ஸ்தலத்தைவிட்டு வாசற்படிக்கு வருகிறது, பிறகு கிழக்கு வாசலுக்கு, பிறகு நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலைக்கு. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகிறது, விட்டுப்போக மனமில்லாதது போல. அதே தரிசனத்தில், தூரதேசத்தில் சிதறிக் கிடப்பவர்களுக்கு நானே பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்றும் தேவன் சொன்னார். சுவரே இல்லாத இடத்திலும் ஐக்கியம் உண்டு என்ற இந்த வாக்கு பிற்பாடு வரும் எல்லாவற்றுக்கும் விதை.

இரண்டாம் ஆலயத்தின் அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள். உடன்படிக்கைப் பெட்டி திரும்பி வரவில்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு உள்ளறைக்குள் நுழைந்தபோது அங்கே எந்தத் தெய்வ உருவமும் இல்லாததைக் கண்டான். ஏரோது கட்டிய ஆலய வளாகம் ஏறக்குறைய 35 ஏக்கர். ஆனால் அதன் நடுவே இருந்த அறை வெறுமையாக இருந்தது என்று அந்த ஆலயத்தைக் கண்ணால் கண்ட யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார்.

அந்த வளாகத்தில் யூதரல்லாதவர்கள் வெளிப்பிராகாரம்வரை வரலாம். அங்கே ஒரு குட்டைச் சுவர். அதைத் தாண்டினால் மரணம். அந்தச் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எச்சரிக்கைக் கல் பதித்திருந்தார்கள். அதில் ஒன்று 1871இல் முழுதாகக் கிடைத்து இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1935இல் கிடைத்த இன்னொரு கல்லின் துண்டு எருசலேமில் இருக்கிறது. எபேசு ஊரானாகிய துரோப்பீமுவை இந்தச் சுவருக்கு உள்ளே அழைத்து வந்தான் என்று வதந்தி பரவித்தான் பவுல் ஆலயத்தில் அடிபட்டுக் கைதானார்.

இயேசு ஆலயத்தில் என்ன செய்தார்?

இயேசு ஆலயத்தை வெறுத்தவர் அல்லர். பண்டிகைகளுக்குப் போனார், அங்கே போதித்தார், என் பிதாவின் வீடு என்றார். காசு மாற்றித் தருபவர்களின் பலகைகளைக் கவிழ்த்த நாளில் அவர் எடுத்துச் சொன்னது ஏசாயாவின் வார்த்தை: இது எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு. வியாபாரம் நடந்தது யூதரல்லாதவர்கள் வந்து ஜெபிக்கக் கிடைத்த ஒரே இடமான வெளிப்பிராகாரத்தில் என்பது பலருடைய கருத்து. அந்தக் கோபத்தின் காரணம் இதில் விளங்குகிறது. அந்நியனுக்கு இருந்த இடமும் சந்தையாகிவிட்டது.

அதோடு அவர் இன்னும் பெரிய ஒன்றைச் சொன்னார். இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளைக்குள் எழுப்புவேன். கேட்டவர்கள் 46 ஆண்டுகளாகக் கட்டுகிற ஆலயம் இது என்றார்கள். அவரோ தம் சரீரமாகிய ஆலயத்தைப் பற்றிப் பேசினார் என்கிறார் யோவான். தேவன் மனிதரோடு குடியிருக்கும் இடம், பாவம் மன்னிக்கப்படும் இடம், தேவன் பேசும் இடம் எல்லாம் இனி ஒரு மனிதருக்குள். சமாரியப் பெண் எந்த மலையில் தொழுவது என்று கேட்டபோது, அவளுடைய மக்களின் கெரிசீம் மலைக் கோயில் நூறாண்டுக்கும் மேலாக இடிந்து கிடந்தது. இடிந்த கோயிலின் மக்களுக்கும், இடியப்போகும் ஆலயத்தின் மக்களுக்கும் சேர்த்தே அவர் பதில் சொன்னார்: ஆவியோடும் உண்மையோடும் பிதாவைத் தொழும் காலம் வந்திருக்கிறது.

அவர் சிலுவையில் உயிர்விட்டபோது ஆலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மாற்கு எழுதுகிறார். மேலிருந்து கிழிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதக் கை கீழிருந்து கிழித்ததில்லை. எபிரெயர் நிருபம் இதை விரித்துச் சொல்கிறது. பிரதான ஆசாரியன் ஆண்டுக்கு ஒருமுறை, பிறிதொரு உயிரின் இரத்தத்தோடு போனான், மறு ஆண்டும் போகவேண்டியிருந்தது. கிறிஸ்து ஒரேதரம், தம்முடைய சொந்த இரத்தத்தோடு போனார், வழியைத் திறந்துவைத்தார். ஆகவே தைரியத்தோடு சேருவோம் என்கிறது. ஏதேன் வாசலில் கேருபீன்கள் நின்ற நாள்முதல் அடைபட்டிருந்த வழி அது.

வழி திறந்த பின் என்ன? மறுபடியும் பந்திதான். யாத்திராகமத்தில் கூடாரக் கட்டளைக்கு முந்தின அதிகாரமான 24இல், உடன்படிக்கையின் இரத்தம் மக்கள்மேல் தெளிக்கப்பட்ட பின், 70 மூப்பர்கள் மலைமேல் தேவனைத் தரிசித்து, புசித்துக் குடித்தார்கள். பஸ்கா இரவில் பாத்திரத்தை எடுத்து இது உடன்படிக்கைக்குரிய என் இரத்தம் என்று இயேசு சொன்னபோது, அந்த மலைமேல் நடந்த விருந்தும் மேசைக்கு வந்துவிட்டது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் திருவிருந்து, கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை, பெந்தெகொஸ்தே சபைகளில் அப்பம் பிட்குதல் என்று பெயர் வேறுபடுகிறது. கிறிஸ்து அதில் எப்படி வருகிறார் என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு. பவுல் 1 கொரிந்தியர் 10இல் அதை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் ஆலயத்தின் சமாதான பலி. பலியைப் புசிக்கிறவர்கள் பலிபீடத்தோடு ஐக்கியமாகிறார்கள் அல்லவா என்று கேட்கிறார்.

அடுத்த அதிகாரத்தில் அவர் கோபத்தையும் இப்போது புரிந்துகொள்ளலாம். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார் பவுல். விதவைக்குப் பங்கில்லாத ஸ்தோத்திர பலி எப்படிப் பலியாகாதோ, அப்படித்தான்.

நீங்கள் தேவனுடைய ஆலயம் என்று அதே கடிதத்தில் பவுல் சொல்வது இரண்டு இடங்களில் வருகிறது. ஆறாம் அதிகாரத்தில் ஒவ்வொருவருடைய சரீரத்தைப் பற்றி. அது நமக்கு நன்றாகத் தெரியும். குடியும் புகையும் வேண்டாம் என்று சொல்ல அந்த வசனத்தைத்தான் எடுப்போம். மூன்றாம் அதிகாரத்தில் அவர் பேசுவது சபை முழுவதையும் பார்த்து, கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்த ஒரு சபையைப் பார்த்து. சபையைக் கெடுக்கிறவன் ஆலயத்தைக் கெடுக்கிறான் என்கிறார். ஆறாம் அதிகார வசனத்தைப் பிரசங்கிக்கும் ஆர்வம் மூன்றாம் அதிகார வசனத்துக்கு நம்மிடம் இல்லாதது எனக்கு வருத்தம்.

எபேசியர் நிருபத்தில் அவர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்து இரு திறத்தாரையும் ஒன்றாக்கினார், அந்நியரும் இப்போது தேவனுடைய வீட்டார், எல்லாரும் சேர்ந்து ஆலயமாகக் கட்டப்படுகிறார்கள். அந்த எச்சரிக்கைக் கல் பதித்த சுவரால் அடிபட்டவர் எழுதிய வரிகள் இவை. நம் மண்ணில் இந்த வசனத்துக்குத் தனி எடை உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், தேவாலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, திருமணச் சம்பந்தத்தில் முதல் கேள்வி என்று அந்தச் சுவரின் அடிக்கற்கள் இன்னும் பல சபைகளில் கிடக்கின்றன. தேவனோடு ஐக்கியமாக இருக்கிறேன், பக்கத்தில் இருப்பவனோடு மட்டும் முடியாது என்பதற்கு ஆலயத்தில் இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போதகரையோ தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்பவரையோ பிரதான ஆசாரியன் இடத்தில் வைத்து, அவர் கைவைத்தால்தான் ஜெபம் சேரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். திரை கிழிந்தபின் மறுபடி திரை தொங்கவிடுவதற்குச் சமம் அது. நமக்காக ஜெபிக்கிறவர்கள் தேவை, போதிக்கிறவர்கள் தேவை. வழியாக நிற்பவர் ஒருவர் போதும்.

யூத மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலயம் அழிந்ததை அவர்கள் இன்றும் தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் உபவாசமிருந்து துக்கம் கொண்டாடுகிறார்கள். நம் விசுவாசத்தை விளக்கும்போது அவர்களுடைய ஆலயத்தை ஏளனமாகப் பேசும் பழக்கம் நமக்கு வேண்டாம். அப்போஸ்தலர்களே உயிர்த்தெழுதலுக்குப் பிறகும் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பேதுருவும் யோவானும் சப்பாணியைச் சந்தித்தது அப்படிப் போன வழியில்தான்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் யோவான் காணும் புதிய எருசலேமில் ஆலயம் இல்லை. நகரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவு. வேதத்தில் முன்பு இப்படிச் சதுரக் கட்டியாக அளவு சொல்லப்பட்ட ஓர் அறை உண்டு: சாலொமோன் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம், மூன்று பக்கமும் 20 முழம். ஒருவன் ஆண்டுக்கு ஒருமுறை நுழைந்த அறை, எல்லா ஜாதியாரும் குடியிருக்கும் நகரமாகிவிட்டது. மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலம் இருக்கிறது என்ற சத்தத்தை யோவான் கேட்கிறார்.

வாசிக்கத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள். யாத்திராகமம் 24, 25. லேவியராகமம் 7, 9, 16. ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோன் செய்த ஜெபம் வரும் 1 இராஜாக்கள் 8. வானாதி வானங்களும் கொள்ளாத உம்மை இந்த ஆலயம் எப்படிக் கொள்ளும் என்று கட்டியவரே அங்கே கேட்கிறார். பிறகு எசேக்கியேல் 10, 11. அங்கிருந்து மாற்கு 11 முதல் 15 வரை ஒரே மூச்சில். கடைசியாக எபிரெயர் 9, 10. எபிரெயர் 10இல் 'தைரியமாய்ச் சேருவோம்' என்ற இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வசனம் தள்ளி, ஒருவரையொருவர் கவனிக்கவும் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கவும் சொல்லியிருக்கிறது. அதுவும் அதே வாக்கியத்தின் தொடர்ச்சிதான்.